அழைப்புமணிக்கு முன்னால் நாற்பது நிமிடம்

ரூட்டி ஹில், சிட்னி.
வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

எங்கள் குடும்பத்தின் தலைமகளும், என் பிள்ளைகளின் பெரிய அத்தையும், நான் இதுவரை யார் முன்னால் உட்கார்ந்து பேசியதே இல்லையோ அந்த மூத்த சகோதரியுமாகிய லூசேயானே அவர்களுக்கு, தம்பி பெனிசிமானி தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

இந்த வாரத்தின் கடைசி நாள்வரை நம்மைக் கைவிடாமல் கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்கு முதல் நன்றி. உங்கள் முழங்கால், அத்தானுடைய சர்க்கரை, பின்தோட்டத்து வள்ளிக்கிழங்கு, நம் சபைப் பாடகர் குழு, இவையெல்லாம் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோம். சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்கு ஜெபிக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள் என் மனைவி அனாசெய்னி. அவள் நலம். பிள்ளைகள் நலம். நானும் நலம் என்றுதான் எழுதவேண்டும்.

நம் சித்தப்பா மகன் லிசியாத்தே நேற்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, நான் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை உடனே விட்டுவிட வேண்டும் என்று நீங்கள் உத்தரவிட்டிருப்பதாகச் சொன்னான். நான் எழுந்து நின்றுகொண்டுதான் கேட்டேன். உத்தரவை நிறைவேற்றியும்விட்டேன். இன்று காலை வேலைக்குத் தந்த மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம் வாதாடுவதற்காக இல்லை. அங்கே நம் ஊர் நூக்குவாலோஃபா முழுக்க அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. என்ன நடந்தது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு ‘சரிங்க அக்கா’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை விமானம் ஏறுகிற போதகர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரியில் பிஸ்கட் தொழிற்சாலையை மூடினது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் ஒரே மாவு பிசைகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன், எட்டு மாதம் வீட்டில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் நாலு நாளைக்கு ஒருமுறை புல் வெட்டினேன். புல்லுக்கு வளர நேரம் கொடுங்கள் என்று அனாசெய்னி சொன்னாள். அவள் முதியோர் இல்லத்து வேலைக்குக் காலையில் கிளம்பிப் போனால் நான் ஜன்னல் ஓரமாக நின்று, யார் வீட்டுக்கு எந்த வேன் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவுக்கு ஒருநாளில் பதினோரு வேன் வருகிறது அக்கா. அப்பா இப்படியே நின்றால் சுவரோடு ஒட்டிக்கொண்டு விடுவார் என்று பயந்து, சின்ன மகள் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். முன் அனுபவம் தேவையில்லை, ஓட்டுநர் உரிமம் வேண்டும், இருபத்திரண்டு கிலோ தூக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சபை விருந்துக்கு முழுப் பன்றியைத் தோளில் சுமந்தவன் நான். அன்றே எழுதிப் போட்டோம். மூன்று வாரம் பரீட்சை, தேறினால் நிரந்தரம் என்று பதில் வந்தது.

முதல் நாள், புது இடத்துக்கு மரியாதை இல்லாமல் போகக்கூடாது என்று, கறுப்பு துப்பெனுத் துணியை இடுப்பில் கட்டி, அதன்மேல் அப்பாவுடைய பழைய தாஓவாலாப் பாயைச் சுற்றி, கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேலை பழக்கிக் கொடுக்க நியமித்தவள் ரீமா என்கிற லெபனீஸ் பெண். இருபத்து நாலு வயது. எந்நேரமும் வாயில் சூயிங்கம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அங்கிள், இடுப்புல எதுக்குப் பாய்? வழியில எங்கயாவது படுக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். இது இல்லாமல் பெரியவர்கள் முன்னால் நிற்பது எங்களுக்குச் சட்டை இல்லாமல் நிற்கிற மாதிரி என்று விளக்கினேன். அவள் சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு, மன்னிக்கச் சொன்னாள். நல்ல பெண். ஆனால் பாயோடு வேனில் ஏறினால் பெல்ட் மாட்ட முடியவில்லை. முன் இருக்கையில் நான் ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமுமாகத்தான் போனோம்.

வேலை பார்க்க ரொம்பச் சுலபமாகத் தெரியும். கையில் ஒரு ஸ்கேனர் கொடுப்பார்கள். பார்சலைக் காட்டினால் அது கத்தும். வீட்டு வாசலில் வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எடுத்த படங்களை எல்லாம் சாயங்காலம் அலுவலகத்தில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் மேலாளர் டேரல் என்னைக் கூப்பிட்டு, எல்லாப் படத்திலும் ஏன் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கேட்டார். கதவைத் திறந்து வந்தவர்களை ஒதுக்கிவிட்டு வெறும் அட்டைப்பெட்டியைப் படம் எடுப்பது எப்படி என்று நான் கேட்டேன். ஒரு தாத்தாவை உள்ளே போய்த் தலைசீவிக்கொண்டு வரச் சொல்லி எடுத்திருந்தேன். அது நல்ல படம் அக்கா, பிரேம் போடலாம். டேரல் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுல பார்சல் எங்க?” என்றார். பார்சல் தாத்தா கையில்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் நான் இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய சங்கடம், வீட்டு வாசலில் நின்று வாய் திறக்காமல் திரும்பிவரத் தெரியாததுதான். நீங்களே சொல்லுங்கள், ஒருவர் வீட்டுக்குப் போகிறோம், அந்த அம்மா கதவைத் திறக்கிறார், நாம் பெட்டியைக் கையில் திணித்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவருவதா? அம்மா அப்படியா நம்மை வளர்த்தார்? நான் வணக்கம் சொல்வேன், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பேன். அவர்களும் சுகம் என்பார்கள். சிலர் சுகமில்லை என்பார்கள், அப்புறம் அதைக் கேட்காமல் எப்படி வருவது? ஒரு அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஒருவர் மகன் பெர்த்துக்குப் போய் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. இரண்டு வீட்டில் டீ கொடுத்தார்கள், ஒரு வீட்டில் ஆட்டுக்கறி. வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமே இல்லை. முதல் நாள் எங்களுக்குக் கொடுத்தது நூற்றுப் பதினைந்து பார்சல். என் பங்காக நான் கொண்டுபோய்க் கொடுத்தது முப்பத்தொன்று. மீதியை ரீமா ஓடி ஓடிக் கொடுத்தாள். வேனுக்குத் திரும்பி வந்து மூச்சுவாங்க, “அங்கிள், நாம ஓட்டுக் கேக்கப் போகல, பார்சல் குடுக்கப் போறோம்” என்று சொன்னாள். கோபம் இருந்திருக்க வேண்டும், ஆனால் ஆட்டுக்கறியில் பாதியைச் சாப்பிட்டாள்.

இரண்டாவது வாரம் தனியாக அனுப்பினார்கள். முதல் காரியமாக நான் வேனைப் பார்க்கவே அழகாக இருக்கிறபடி அடுக்கினேன். பெரிய பெட்டி அடியில், சின்னது மேலே, ஒரே நிறமெல்லாம் ஒரே வரிசையில். வழியில் வருகிற வரிசைப்படிதான் அடுக்கணும் என்பதை ரீமா சொல்லியிருந்தாள், நான்தான் மறந்துவிட்டேன். முதல் வீட்டுப் பார்சல் அடியிலும் அடியில் இருந்தது. சாலை ஓரத்தில் முழு வேனையும் இறக்கி, மறுபடி ஏற்றினேன். யாரோ வீடு மாற்றுகிறார்கள் என்று நினைத்து ஒருவர் வந்து, அந்த அலமாரி விலைக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் வாட்டில். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பூவின் பேர் பிடித்துவிட்டால் விடமாட்டார்கள் அக்கா. வாட்டில் தெரு, வாட்டில் சாலை, வாட்டில் கிரெசன்ட், வாட்டில் சந்து, எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கிறது. வாட்டில் சந்துக்குப் போகவேண்டிய எட்டுப் பார்சலை வாட்டில் தெருவில் அதே எண் உள்ள எட்டு வீட்டில் சிரித்த முகமாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மத்தியானம் தெரிந்தது. திரும்பிப்போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற அவமானத்தை நான் எதிரிக்கும் விரும்பமாட்டேன். ஏழு வீட்டில் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது வீட்டு அம்மா, பெட்டியில் வந்த பூப்போட்ட கவுனை ஏற்கெனவே போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். இது உங்களுடையது இல்லை அம்மா என்றேன். “தெரியும். நான் எதுவும் ஆர்டர் பண்ணல. என் பொண்ணு அனுப்பியிருப்பான்னு நெனச்சேன். அளவு வேற சரியா இருக்கு” என்று சொல்லி, கண்ணாடி முன்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். நான் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே போய்த்தான் கழற்றினார், இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

இப்போது அந்த வீடியோ விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வாரம். ஒரு ரைஸ் குக்கர். கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கணும் என்று அதில் சிவப்புச் சீட்டு. வாசலில் அழைப்புமணியை அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யாரென்று கேட்டது. பார்சல் வந்திருக்கிறது, கையெழுத்து வேண்டும் என்றேன். “ஒரு நிமிஷம் இருங்க, ப்ளீஸ்” என்றார் அந்த அம்மா.

இருங்கள் என்று சொன்னார், இருந்தேன். இதில் என் தப்பு எது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒரு பெண்மணி வீட்டுக்குள் ஏதோ வேலையாக இருக்கிறார், காத்திருக்கச் சொல்கிறார். என் உயரத்துக்குக் கதவை மறைத்துக்கொண்டு நின்றால் திறக்கிறபோது பயந்துவிடுவார் என்று, தொப்பியைக் கழற்றி வைத்து, கால்மிதி மேல் காலை மடக்கி உட்கார்ந்து, குக்கரை மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் ஆச்சு. குளித்துக்கொண்டிருப்பார், நாம் காத்திருப்பது தெரிந்து அவசரப்பட்டு வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று, கதவைப் பார்த்து முறையாக இரண்டு வார்த்தை பேசினேன். இந்த வீட்டுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் என் வணக்கம், எனக்கு எந்த அவசரமும் இல்லை, நிதானமாக வாருங்கள் என்றேன். அவசரம் இருந்தது, வேனில் எழுபது பார்சல் இருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது. அப்புறமும் சத்தம் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை பாடவேண்டிய பாட்டில் அடிக்குரல் பகுதியை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். மூன்று சரணம். போனை வேனில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அது அங்கே தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நாற்பதாவது நிமிஷம் அதே குரல், “அய்யோ, நீங்க இன்னும் அங்கயேவா இருக்கீங்க? நான் பரமட்டாவுல ஆபீஸ்ல இருக்கேன்” என்றது.

“அப்ப உள்ள இருந்து பேசினது யாரும்மா?” என்று கேட்டேன்.

அந்தப் பொத்தானுக்குள்ளேயே காமிராவும் ஸ்பீக்கரும் இருக்கிறதாம். எங்கே இருந்தாலும் போனில் பேசுவார்களாம். பிஸ்கட் தொழிற்சாலையில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஜோஸ்லின் என்கிற பிலிப்பினோக்கார அம்மா அவர். ஒரு நிமிஷம் என்று சொன்னதும் அவருடைய மேலதிகாரி கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார், இவர் மறந்தே போனார். ஓரமாக வைத்துவிட்டு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அடுத்தவர் கையெழுத்தை நான் போடமாட்டேன் என்று சொல்லி, குக்கரைத் திரும்ப வேனில் ஏற்றி, வேலை முடிந்து ஆறரை மணிக்கு அவர் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தட்டு நிறைய நூடுல்ஸ் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, உங்கள் வீடியோவை எங்கள் பகுதி ஆட்களுடைய இணையப் பக்கத்தில் போட்டுவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள், நான் மறந்துபோன மனிதர் எனக்காகப் பாட்டுப் பாடியிருக்கிறார் என்றுதான் எழுதினேன் என்றார். அவர் நல்ல மனதோடுதான் போட்டார். அதைப் பிடித்து, மவுன்ட் ட்ரூயிட்டில் இருக்கிற நம் ஆட்கள் அதற்கு மேளம் சேர்த்து, நான் கதவுக்கு வணக்கம் சொல்கிற இடத்தை மட்டும் ஐந்து தடவை திருப்பித் திருப்பி வருகிற மாதிரி வெட்டி ஒட்டி, உங்கள் சாயங்கால ஜெபத்துக்குள் நூக்குவாலோஃபாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்சலை அவ்வளவு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களால் முடியாது.

மறுநாள் டேரல் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. வேன் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற வரைபடத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். “இந்தப் புள்ளி நாப்பது நிமிஷம் அசையல, பெனி. ஆள் செத்துட்டார்னு நெனச்சேன். செத்திருந்தாக்கூட நான் மேல சொல்லிச் சமாளிச்சிருப்பேன். பாட்டுப் பாடினார்னு எப்படிச் சொல்றது?” என்றார். வியாழக்கிழமை நூற்றுப் பதினெட்டு பார்சல், மாலை ஐந்து மணிக்குள் முடிக்கவேண்டும், முடித்தால் நிரந்தரம், முடிக்காவிட்டால் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொன்னார். அவர் கெட்டவர் இல்லை அக்கா, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து அனாசெய்னியிடம் சொன்னேன். அவள் என் காலணியை எடுத்து, நாடாவை அவிழ்த்து, புது நாடா கோத்து வைத்தாள். எட்டு மாதம் நான் வீட்டில் இருந்தபோது அவள் என் காலணியைத் தொட்டதே இல்லை, அதற்கு வேலை இல்லையே. அதைப் பார்த்ததும் இந்தப் பரீட்சையில் தேறியே ஆகணும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கே போய், வரிசைப்படி அடுக்கினேன். ரீமா வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். போகும்போது, “அங்கிள், யார் மூஞ்சியயும் பாக்காதீங்க. பாத்தா பேசிருவீங்க. கதவ மட்டும் பாருங்க” என்றாள். அப்படியே செய்தேன். கதவு, பெட்டி, படம், திரும்பு. கதவு, பெட்டி, படம், திரும்பு. ஜன்னலில் யாராவது கையாட்டினால் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பித்தப்பை அம்மா வாசலில் நின்று ஆபரேஷன் தேதி கிடைச்சுடுச்சு என்றார். நான் ம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். ம் என்று சொன்னேன் அக்கா, உங்கள் தம்பி.

கெவின் என்று ஒருத்தர், வாட்டில் கிரெசன்ட் கடைசி வீடு. மனைவி இறந்தபின் ஷெட்டில் பழைய படகு மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு நாளைக்கு ஒரு பாகம் வரவழைப்பார், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறபோதெல்லாம், ஹாபாய்த் தீவில் நாம் வைத்திருந்த படகு மோட்டாரைப் பற்றி நான் இரண்டு வார்த்தை, அவர் இரண்டு வார்த்தை. அன்றைக்கு அவர் கேட்டுக்கு வெளியேயே நின்றார், கையெல்லாம் கிரீஸ். “கடைசி பாகம் இதுதான். இன்னைக்கு மாட்டிடப் போறேன்” என்றார். நான் பெட்டியை அவர் காலடியில் வைத்தேன், படம் எடுத்தேன், திரும்பினேன். கண்ணாடியில் பார்த்தேன், அவர் பெட்டியை எடுக்காமல் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணி நாற்பதுக்கு நூற்றுப் பதினெட்டும் முடிந்தது. ஒன்றுகூடத் தப்பான வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஸ்கேனரில் பச்சை எழுத்தில் பாராட்டு வந்தது. முப்பது வருஷ வேலையில் எந்த இயந்திரமும் என்னைப் பாராட்டியதில்லை. ஆனால் எனக்கு ஏதோ பத்து வீட்டில் திருடிவிட்டு வந்த மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்ததே, வேனைத் திருப்பினேன். முதலில் பித்தப்பை அம்மாவிடம் போய்த் தேதி என்ன என்று கேட்டேன். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதியாம், நீங்களும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கெவின் வீடு. அவர் மோட்டாரைத் தண்ணீர் பீப்பாயில் இறக்கி வைத்து, கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போய் ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் காது வைத்துக் கேட்டேன். எரிபொருள் குழாயைத் தலைகீழாக மாட்டியிருந்தார். மாற்றி மாட்டி ஒரே இழுப்பு. மோட்டார் பிடித்துக்கொண்டதில் பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் எங்கள் இரண்டு பேர் மேலும். கெவின் அணைக்கவே விடவில்லை. பீப்பாய் காலியாகும்வரை அந்தச் சத்தத்தை இரண்டு பேரும் நனைந்துகொண்டே கேட்டோம்.

நாலு ஐம்பதுக்கு டிப்போவுக்குத் திரும்பினேன். டேரல் எண்ணிக்கையைப் பார்த்தார், என் ஈரச் சட்டையைப் பார்த்தார், கை கொடுத்தார். நாளைக் காலை வந்து நிரந்தரப் பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தக் கையெழுத்தை என் கையால் நானே போடலாம் என்றும் சொன்னார். அவருக்கும் வேடிக்கை பேச வருகிறது.

வீட்டுக்கு வந்தேன். அனாசெய்னி தாரோ இலையில் ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்து லூ சுட்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம், ஜெபம் இன்னும் முடியவில்லை, அதற்குள் லிசியாத்தே போன்.

இன்று காலை டிப்போவுக்கு வெளியே ரீமாவைப் பார்த்தேன். டேரல் இன்னும் வரவில்லை, அதனால் சட்டையை அவளிடம் கொடுத்து, அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மேலாளரிடம் நீயே சொல்லிவிடு என்றேன். அவள் சட்டையை வாங்கிக்கொள்ளாமலே கேட்டாள்: “ஒங்க அக்காவுக்கு என்ன வயசு?”

“அறுபத்திமூணு.”

“ஒங்களுக்கு?”

“அம்பத்தேழு.”

“அம்பத்தேழு வயசுல அக்கா சொன்னாங்கன்னு வேலைய விடுவாங்களா?”

“எழுபத்தேழுலயும் விடுவேன்மா,” என்றேன். அவளுக்கு அண்ணன் தம்பி நாலு பேராம், அதில் ஒருவனாவது இப்படி இருக்கக் கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வந்து புல் வெட்டினேன்.

உங்கள் உத்தரவில் எனக்கு ஒரு குறையும் இல்லை அக்கா. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிஸ்கட் தொழிற்சாலைக்கு நான் முப்பது வருஷம் போனேன், நான் வந்துவிட்டேன் என்று அங்கே யாரும் ஒருநாள்கூடச் சந்தோஷப்பட்டதில்லை. இந்த மூன்று வாரம், நான் போய் நின்ற கதவுகளில் பாதிக்குமேல், திறந்தவர்களுக்கு முகம் மலர்ந்தது. எனக்காக இல்லை, பெட்டிக்காகத்தான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்துக்கு நேரே நிற்பது நான்தானே. சொல்லிவிட்டேன், இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகள் நைட்டேயிடம் மாமா விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் பாதம் படுகிற இடமெல்லாம் நல்லதாகட்டும், உங்கள் முழங்கால் உங்கள் சொல் கேட்கட்டும், நான் கேட்கிற மாதிரி. உங்கள் ஆசீர்வாதம் எங்கள் வீட்டுக் கூரைக்குமேல் எப்போதும் இருக்கட்டும்.

என்றும் உங்களுக்குக் கீழ்ப்படிந்த,
பெனிசிமானி

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். கவரை ஒட்டுவதற்கு முன்னால் நைட்டே போன் செய்தாள், போதகர் வரும்போது உங்களுக்கு டப்பா இறைச்சி அனுப்பவேண்டாம், முழங்கால் தைலம் அனுப்பினால் போதும் என்று சொல்ல. வேலையை விட்டுவிட்டேன் என்றேன். எதற்கு மாமா என்றாள். உன் அம்மா உத்தரவு என்றேன். அம்மா அப்படி எதுவும் சொல்லவே இல்லையே என்கிறாள். சபை மண்டபத்துத் திரையில் அந்த வீடியோவை நீங்கள் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தீர்களாம். பார்த்துவிட்டு, “இவன் ஏன் இப்படி எளச்சுப் போயிட்டான்? அங்க அவனுக்கு ஒழுங்கா சோறு போடுறாங்களா இல்லையா?” என்று மட்டும்தான் கேட்டீர்களாம். நான் உடனே லிசியாத்தேயைக் கூப்பிட்டுக் கேட்டேன். அக்கா கவலைப்பட்டார், கவலைப்பட்டால் அதற்கு என்ன அர்த்தம், அந்த அர்த்தத்தைத்தான் நான் சொன்னேன் என்கிறான். ரீமாவைக் கூப்பிட்டேன். அவள் டேரலிடம் சட்டையையும் கொடுக்கவில்லை, விஷயத்தையும் சொல்லவில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னாள், கன்னத்தைக் கொஞ்சம் உப்பலாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆகவே மேலே நான் வேலையை விட்டதாக எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துப் படிக்கவும். சோறு விஷயம் அனாசெய்னியின் காதில் விழுந்துவிட்டது. முந்தாநாளிலிருந்து மிச்சமிருந்த லூ அத்தனையையும் என் முன்னால் வைத்து, சாப்பிட்டு முடித்து எடை பார்க்கிற இயந்திரத்தில் ஏறச் சொல்கிறாள். எண்ணைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பப் போகிறாளாம். நூற்று இருபத்தொன்பது கிலோ, அக்கா. ஒருவேளை நீங்கள் உண்மையாகவே இந்த வேலையை விடச் சொல்ல நினைத்தால், தயவுசெய்து லிசியாத்தே மூலமாகவே சொல்லி அனுப்புங்கள். இனி அவன் சொல்வதை நான் நம்புவதாக இல்லை.